இருபத்துமூன்றாம் எண்ணுக்கு மூன்று முதுகு

திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அந்த மனிதர் மாடிப்படி ஏறி வந்தார். மொத்தம் பன்னிரண்டு படிகள். ஏழாவது படியில் ஒரு முறை நின்றார். மேலே வந்து, கதவில் தொங்கிய ‘துப்பறியும் நிலையம்’ என்ற பலகையை விரலால் தட்டிப் பார்த்தார்.

“மரம்தான் சார், தைரியமா உள்ளே வாங்க,” என்றான் அவசரம்.

அது அவனுடைய உண்மைப் பெயர் அல்ல. நிலையத்தை நடத்துபவருக்கு நிதானம் என்றும், அவருக்கு மைத்துனனும் உதவியாளனுமான இவனுக்கு அவசரம் என்றும் பெயர் வைத்தவள் நிதானத்தின் மனைவி. தம்பி சாப்பிட்டுக் கை கழுவும்போது கணவர் இரண்டாவது கவளத்தில் இருப்பாராம். இருவருக்கும் நாற்பது தாண்டியும் பெயர்கள் மாறவில்லை.

வந்தவர் உட்கார்ந்தார். உடனே நெளிந்தார்.

“நாற்காலி குத்துது தம்பி. மேல போட்டுக்க ஏதாச்சும் இருக்கா?”

அந்த அறையில் பஞ்சு வைத்த நாற்காலி அது ஒன்றுதான். அவசரம் ஒரு துண்டை மடித்துக் கொடுத்தான்.

“நான் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆகி நாலு வருஷம். ஒரு ஜாக்கெட் தைக்கக் குடுத்தேன் சார். அதுக்கும் நாலு வருஷம் ஆகப் போகுது.”

“நாலு வருஷமா! வீட்டம்மா கோவிச்சுக்கலையா?”

“எனக்குய்யா! தோல் ஜாக்கெட்!”

நிதானம் பென்சிலைச் சீவிக்கொண்டே, “மாப்ளே, நீ கொஞ்சம் வாயை மூடு. நீங்க முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றார்.

கண்டக்டர் சொன்னார். பழைய அச்சகத் தெருவில் ஒரு தையற்காரம்மா இருக்கிறாள். தோல் ஜாக்கெட் மட்டும்தான் தைப்பாள். வெட்டுவதும் தைப்பதும் பட்டன் வைப்பதும் அவள் ஒருத்தியே. ஒரு ஜாக்கெட்டுக்கு நாற்பது நாள். அதனால் பெரிய வரிசை. அந்த வரிசையில் இவருடைய எண் இருபத்துமூன்று.

“இப்ப எத்தனை ஓடுது?”

“முப்பத்திரண்டு.”

பென்சில் நின்றது. “உங்களைக் கூப்பிடவே இல்லையா?”

“ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. போனேன். அளவு எடுத்தாங்க. ‘தோல் இன்னும் வரலண்ணே, வந்ததும் சொல்லி அனுப்புறேன்’னாங்க. சரின்னு வந்துட்டேன். போன வாரம் பல் டாக்டர்கிட்டப் போனேன். போன வருஷம் கட்டின செட்டு, அதுக்குள்ள லொடலொடன்னு ஆடுது. அதைக் கேட்கப் போனா, அவர் ரூம்ல ஆணியில தொங்குது சார், புத்தம்புது தோல் ஜாக்கெட்! காலரைத் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தொண்ணுன்னு சூடு போட்டிருக்கு. எனக்கு வராத தோல் அவருக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?”

“நியாயமான கேள்வி,” என்றான் அவசரம்.

“முப்பத்துநாலு வருஷம் இந்தத் தோள்ல பை தொங்கிச்சு. என் வண்டியில ஒருத்தன் முண்டியடிச்சு ஏறினதில்லை. இப்ப என்னைத் தள்ளிட்டு எட்டுப் பேர் ஏறிப் போயிருக்கானுங்க. எவனெவன்னு எனக்குத் தெரியணும்.”

“அப்படி என்ன சார் அந்த ஜாக்கெட் மேல ஆசை?” என்று கேட்டார் நிதானம்.

கண்டக்டருக்கு முகம் மாறியது. “அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. நல்ல மழை. முன் படியில ஒருத்தர் ஏறினார், தோல் ஜாக்கெட் போட்டுக்கிட்டு. வண்டியில எல்லாரும் நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறோம். அவர் மேல தண்ணி நிக்கல, உருண்டு ஓடுது. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் அவரையே பார்த்துட்டு நின்னேன். பாதிப் பேருக்கு டிக்கெட் குடுக்கல. நாமளும் ஒரு நாளைக்கு அப்படி நிக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்தப் பட்டறைக்கே வரச் சொல்லி அவரை அனுப்பி வைத்தார் நிதானம். இறங்கும்போதும் அவர் ஏழாவது படியில் நின்றார்.

*

மறுநாள் இருவரும் ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் போலப் பட்டறைக்குப் போனார்கள்.

ஒரே அறை. நடுவில் இடுப்பு உயர மேசை, அதன்மேல் விரித்த பழுப்புத் தோல், பிறை போல வளைந்த கத்தி, மெழுகு தடவிய நூல்கண்டு. ஜன்னல் ஓரத்தில் ஒரு மிதி மிஷின். சுவரில் ஒரு சிலேட்டு: ‘இப்போது 32’. எதிர்ச்சுவர் முழுக்க வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் கீழே சாக்கட்டியில் ஓர் எண். ஒவ்வொன்றிலும் மனித முதுகின் வடிவத்தில் வெட்டிய பழுப்புக் காகிதம் தொங்கியது. அறுபத்துச் சொச்சம் பேர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பதுபோல இருந்தது.

தையற்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா. “இன்னைக்குக் குடுத்தா ஏழு வருஷம் ஆகும்,” என்றாள், வாங்க என்று சொல்வதற்குப் பதிலாக.

“ஏழு வருஷத்துல என் தொப்பை எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாதே அக்கா!”

“அதுக்குத்தான் இப்ப ஒரு தடவை எடுப்பேன், வெட்டுறதுக்கு முன்னால ஒரு தடவை எடுப்பேன். துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். தோல்ல ஊசி போன ஓட்டை போனதுதான். அளவு தப்பினா ஒரு தோலும் போச்சு, நாப்பது நாளும் போச்சு.”

“கூட ஒரு ஆளை வெச்சுக்கலாமே?”

“வெச்சேன். நான் நாள் முழுக்க வாயே திறக்கலன்னு மூணாம் நாள் ஓடிட்டான்.”

அப்போது வாசலில் வண்டிச் சத்தம். நூல் கொண்டுவந்தவனிடம் பேச அவள் வெளியே போனாள். அவசரம் ஒரே தாவலில் சுவருக்குப் போய்விட்டான்.

“மாமா! இங்க வாங்க. எல்லா ஆணியிலயும் ஒரு முதுகு. இருபத்துமூணுல மட்டும் மூணு!”

மூன்று காகிதங்கள், ஒன்றின்மேல் ஒன்று. மூலையில் பென்சிலால் மார்பளவும் தேதியும் எழுதியிருந்தது. அடியில் இருந்தது நாற்பத்திரண்டு. அதற்கு மேல் நாற்பது. எல்லாவற்றுக்கும் மேலே முப்பத்தேழரை.

“புரிஞ்சு போச்சு. ஒரு டிக்கெட்டுல மூணு பேர்! கண்டக்டரோட இடத்தை மூணு பேருக்குத் தாரை வார்த்திருக்காங்க. நாப்பத்திரண்டு ஒரு பெரிய மனுஷன். நாப்பது அவரோட தம்பி. முப்பத்தேழரை அந்த வீட்டு மாப்பிள்ளை.”

“மாப்பிள்ளைன்னா ஒல்லியா இருக்கணுமா?”

“புதுசுல எல்லாரும் ஒல்லிதான் மாமா. எங்க அக்காவைக் கட்டிக்கிட்டப்ப நீங்ககூட–”

“ஆணியில மாட்டு. வர்றாங்க.”

*

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பல் டாக்டரைப் பார்த்தார்கள். முப்பத்தொன்றாம் எண் அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவசரம் அதைத் தடவிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டான்.

“வரிசையில நீங்க முந்திப் போயிட்டதா ஒரு புகார்,” என்றார் நிதானம்.

“நான் முந்தினேனா? என்னை நிறுத்தி வெச்சாங்க சார் அந்தம்மா!” டாக்டர் கையுறையைக் கழற்றினார். “ஜாக்கெட் எடுப்பா இருக்கணும்னு ஜிம்முக்குப் போனேன். என் முறை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால அளவெடுத்தாங்க. இடுப்பு ரெண்டு இன்ச் குறைஞ்சு போச்சு. நான் பெருமையா நிக்கிறேன், அவங்க ‘உடம்பு ஒரு இடத்துல நிக்கட்டும், அப்புறம் வாங்க’ன்னுட்டாங்க. புதுக் காகிதம் வெட்டி மாட்டினாங்க. அடுத்தடுத்து ரெண்டு தடவை அளவு ஒத்துப் போனாத்தான் கத்தியைத் தொடுவாங்களாம்.”

“அப்ப உங்க ஆணியில ரெண்டு காகிதமா?”

“ஆமா. முதல்ல எடுத்தது ஒண்ணு, குறைஞ்சப்புறம் ஒண்ணு.”

அவசரத்தின் பெரிய மனுஷனும் தம்பியும் மாப்பிள்ளையும் அந்த இடத்திலேயே மறைந்து போனார்கள். அவன் நிதானத்தைப் பார்த்தான். நிதானம் வேறொன்று கேட்டார்.

“கண்டக்டர் ஒருத்தர் போன வாரம் வந்தாரா? பல் செட்டு ஆடுதுன்னு?”

“வந்தார், வந்து சண்டை போட்டார். செட்டு எப்படி சார் பெரிசாகும்? அச்சு என்கிட்ட இருக்கு, வெச்சுப் பார்த்தேன். செஞ்ச அளவுலயேதான் இருக்கு. அவர் தாடைதான் மாறியிருக்கு. புதுசு ஒண்ணு செஞ்சுக்கலாம்னேன்.”

“தாடை ஏன் ஒரே வருஷத்துல மாறணும்?”

“வயசு ஆகுதில்ல?” என்ற டாக்டர், “அடுத்தவங்களை வரச் சொல்லும்மா,” என்று உள்பக்கம் குரல் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் நிதானம் விரல்விட்டு எண்ணினார். “நாற்காலி குத்துது. பல் செட்டு ஆடுது. வரிசை நகரல. மூணு புகார் மாப்ளே. மூணுலயும் அவர் அடுத்தவங்களைத்தான் கை காட்டுறார்.”

“அதுக்கு என்ன மாமா?”

நிதானம் நடந்தார். இல்லை, ஓடினார் என்றே சொல்ல வேண்டும். அவசரம் மூச்சிரைக்கப் பின்னால் போனான்.

*

பட்டறைக்குள் நுழைந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. இருபத்துமூன்றாம் ஆணியிலிருந்து மூன்று காகிதங்களையும் எடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். பின்னால் வெயில் இருந்தது. மூன்று முதுகுகளும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தன.

தையற்காரம்மா ஊசியைக் கீழே வைத்தாள். யார் நீங்கள் என்று கேட்கவில்லை.

“மாப்ளே, இடது தோளைப் பார். பெரிய காகிதத்துல வலது தோளைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கு?”

“ஒரு விரல்கடை.”

“நடுவில இருக்கிறதுல?”

“ஒரு விரல்கடை.” அவன் குரல் இறங்கியது. “சின்னதுலயும் அதே.”

“முப்பத்துநாலு வருஷம் பை தொங்கின தோள். மூணு பேரும் இல்ல, வித்ததும் இல்ல. ஒரே ஆள்.”

“சரி, இளைச்சிருக்கார். டாக்டர் மாதிரி இவரும் ஜிம்முக்கு...” அவசரம் சொல்லிக்கொண்டே வந்து தானே நிறுத்தினான்.

“டாக்டருக்குக் குறைஞ்சது இடுப்பு. இவருக்கு முதுகே குறுகுது. உட்கார்ந்தா எலும்பு குத்துது, அதை நாற்காலி குத்துதுங்கிறார். பல்லைப் பிடிக்கத் தாடையில சதை இல்ல, அதைச் செட்டு பெரிசுங்கிறார். பன்னிரண்டு படியில ஒரு தடவை நிக்கிறார்.” நிதானம் திரும்பினார். “உங்களுக்கு எப்பத் தெரியும்மா?”

அவள் கழுத்திலிருந்த நாடாவைப் பிடித்துக்கொண்டாள்.

“போன வருஷம் அவர் முறை வந்துச்சு. எடுத்தேன். ரெண்டு இன்ச் குறைவு. அவர் சிரிச்சுக்கிட்டே, ‘தினம் நடக்கிறேன் தங்கச்சி, குறைஞ்சிருக்கேனா?’ன்னார். ‘ஆமாண்ணே, நல்லாருக்கு’ன்னுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. அஞ்சு மாசம் முன்னால மறுபடி வரச் சொன்னேன். நாடாவைச் சுத்தினேன். முதுகெலும்பு ஒவ்வொண்ணா கையில தட்டுது. அப்பவும் அவர் சிரிக்கிறார். ‘இப்ப எப்படி?’ங்கிறார். நான் முன்னால நல்லாருக்குன்னு சொன்னவ சார். இப்ப எந்த வாயால மாத்திச் சொல்றது? தோல் வரலன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“அஞ்சு மாசம்,” என்றான் அவசரம்.

“தெரியும்.”

“ஒரு வார்த்தை, ‘டாக்டரைப் பாருங்க’ன்னு–”

“தெரியும்னு சொல்றேன்ல!” அவள் முதன்முறையாகக் குரல் உயர்த்தினாள். “நான் யாரு அதைச் சொல்ல? வீட்ல சம்சாரம் இருக்காங்க. பல் டாக்டர் வாய்க்குள்ளயே கையை விட்டுப் பார்த்திருக்கார். அவங்க எல்லாம் சொல்லாததை, ஜாக்கெட் தைக்கிறவ சொல்லணுமா? அளவு ஒரு இடத்துல நின்னுடும், நின்னதும் அன்னைக்கே வெட்டிடலாம்னு காத்திருந்தேன். தோல் எடுத்து வெச்சிருக்கேன். அதோ.”

மேல் தட்டில் ஒரு தோல்சுருள் இருந்தது. அதில் கட்டிய அட்டையில் 23.

நான்கு மணிக்குக் கண்டக்டர் வந்துவிட்டார். வாசல்படியில் ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார். கண் அவளையும் நிதானத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

“எல்லாரும் இருக்கீங்க. நல்லது. சொல்லுங்க சார், யாரு?”

இத்தனை வருடத் தொழிலில் நிதானத்துக்குக் குற்றவாளியைக் கை காட்டத்தான் தெரியும். அவசரம், “சார், முதல்ல உட்காருங்க, ஒரு டீ சொல்லட்டுமா?” என்றான். கண்டக்டர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அம்மா,” என்றார் நிதானம், “அளவெடுங்க. எடுத்து, இந்தத் தடவை சத்தமா படிங்க.”

கண்டக்டர் சந்தோஷமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேசை அருகே வந்தார். “தோல் வந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டுக் கைகளை இரண்டு பக்கமும் விரித்து நின்றார். அவள் நாடாவைச் சுற்றினாள். நாடாவின் முனை போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி அவள் விரல்களுக்குள் நீண்டுகொண்டே வந்தது.

“முப்பத்தஞ்சு.”

“ம். முன்னால எவ்வளவு?”

“நாப்பத்திரண்டு அண்ணே. அப்புறம் நாப்பது. அப்புறம் முப்பத்தேழரை.” அவள் நாடாவை விடவில்லை. “நான் அப்பவே சொல்லியிருக்கணும்ணே.”

கண்டக்டர் வாய்க்குள் எதையோ கூட்டிக் கழித்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதை எடுத்துவிட மறந்ததுபோல இருந்தது.

“எனக்கு முன்னால போன எட்டுப் பேரு?”

“யாரும் தள்ளிட்டுப் போகல சார்,” என்றார் நிதானம். “உங்க முறை வந்தப்பல்லாம் நீங்க வேற அளவுல வந்து நின்னீங்க.”

“சாப்பிடத்தான் செய்றேன். நடக்கிறேன். வயசு குறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்கன்னு வீட்ல அவகூடச் சொன்னா. புதுச் சட்டை ரெண்டு எடுத்துக் குடுத்தா.” அவர் நிறுத்தினார். “அவளுக்கு இது தெரிய வேணாம்.”

அவசரம் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தான். பெரிய ஆஸ்பத்திரி எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டு, எதையெதையோ அழுத்தி, கடைசியில் ஒரு பெண் குரலைப் பிடித்துவிட்டான். அறை சிறியது, அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“எப்போலேர்ந்து எடை குறையுது?”

அவசரம் கண்டக்டரைப் பார்த்தான். கண்டக்டர் தையற்காரம்மாவைப் பார்த்தார். அவள் நாடாவை ஒரு கையால் பிடித்தபடியே, நிதானத்தின் கையில் இருந்த காகிதங்களைப் பார்த்துப் படித்தாள். தேதி, அளவு. தேதி, அளவு. அவசரம் அதை அப்படியே போனில் சொன்னான்.

“மார்பளவா? எடை கேட்டேன்.”

“எடை இல்லம்மா. முதுகுதான் இருக்கு.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. “பெயரை எழுதிக்கிறேன். பெரிய டாக்டரைப் பார்க்கப் பதினொரு வாரம் ஆகும்.”

“பதினொரு வாரமா? அஞ்சு மாசம் இங்கயே போயிடுச்சும்மா! கொஞ்சம் பாருங்க, உங்க அண்ணனா இருந்தா–”

“எல்லாரும் யாருக்காச்சும் அண்ணன்தான் சார். நாளைக்குக் காலைல நேரா வெளிநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. அங்கேயும் உட்காரணும்தான். முன்னாலயே பார்ப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது.”

போன் அடங்கியது.

“காலைல ஆறு மணிக்கு நான் வண்டியோட வாசல்ல இருப்பேன் சார்,” என்றான் அவசரம். “மாமாவும் வருவார்.”

“போலாம்,” என்றார் கண்டக்டர். பிறகு தையற்காரம்மா பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார். “தங்கச்சி, இன்னைக்கு இருக்கிற அளவுக்கே வெட்டிடேன்.”

“நாப்பது நாள் ஆகும்ணே.”

“ஆகட்டும்.”

நாற்பது நாளில் அந்த உடம்பு எங்கே போய் நிற்கும் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிவில்லை. நிதானம் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். அவள் நாடாவை உருவினாள். பழுப்புக் காகிதச் சுருளை மேசைமேல் விரித்தாள். மூலையில் இன்றைய தேதியும், அதன் கீழே முப்பத்தைந்தும் எழுதினாள். அளவுகோலை வைத்தாள். இடது தோளை ஒரு விரல்கடை தாழ்த்திக் கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

அளவெடுத்து முடிந்ததும் கையை இறக்கச் சொல்ல வேண்டியவள் அவள்தான். அவளுக்கு அது நினைவில்லை. கண்டக்டர் இரண்டு கைகளையும் விரித்தபடியே, அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.